குதிரையைக் கொஞ்சம் தெற்கே திருப்புங்கள்

சரித்திர நாவல் எழுதிக்கொண்டிருக்கிற, இனிமேல் எழுதப்போகிற அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும், எங்கள் தெற்குச் சீமையை வைத்தும் கதை எழுதுங்கள் என்று கேட்டு, பாளையங்கோட்டையிலிருந்து ஒரு வாசகன் எழுதிக்கொள்வது.

நான் படித்து வாசகன் ஆனவன் இல்லை, கேட்டு ஆனவன். முக்கூடல் பக்கம் எங்கள் ஆச்சி வீடு. முழுப்பரீட்சை லீவு முழுக்க அங்கேதான். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் வளவில் உள்ள பெண்கள் ஏழெட்டுப் பேர் தார்சாவில் சுளகும் கையுமாக உட்கார்ந்துவிடுவார்கள். சுளகில் ஒரு பக்கம் வெட்டிய இலை, ஒரு பக்கம் தூள். பீடி சுற்றுகிற கைக்குக் கண் தேவையில்லை, காதும் சும்மாதான் இருக்கும். அந்தக் காதுகளுக்காக என் அத்தை படிப்பாள். எட்டாவதோடு நிறுத்தப்பட்டவள், ஆனால் வாசிப்பில் தடங்கலே இருக்காது. படிக்கிற நேரத்தில் அவளால் சுற்ற முடியாது இல்லையா, அதனால் கேட்கிறவர்கள் ஆளுக்கு ரெண்டு கட்டு அவள் கணக்கில் சுற்றிப் போடுவார்கள். சாயங்காலம் பீடிக்கடையில் அவள் கணக்கு ஒரு நாளும் குறைந்ததில்லை. எழுத்துக்குக் கூலி என்று நான் முதலில் பார்த்தது அதைத்தான்.

புத்தகம் என்றால் கடையில் வாங்கியது இல்லை. வாராந்தரியில் வந்த தொடரை வாரம் வாரம் கிழித்து, பின்னைக் கழற்றி, தகரப் பெட்டியில் அடுக்கி வைப்பார்கள். தொடர் முடிய மூன்று வருஷம் ஆனாலும் காத்திருந்து, டவுனில் பைண்டு செய்கிறவரிடம் போகும். நூல் தையல், காலிகோ முதுகு, மைதாப் பசையில் மயில்துத்தம். துத்தம் போடாவிட்டால் கதாநாயகனைப் பாச்சை தின்றுவிடும். ஒவ்வொரு அத்தியாயத்தின் முதுகிலும் ஏதாவது இருக்கும்: பாதி ஜோக், கூந்தல் தைல விளம்பரம், அடுத்த கதையின் தலையில்லாத உடம்பு. போர்க்களத்தின் பின்பக்கம் பல்பொடி. இன்றைக்கும் சில சண்டைக் காட்சிகளைப் படித்தால் எனக்குப் பல்பொடி ஞாபகம்தான் வருகிறது.

ஒரு பைண்டில் ஒரு அத்தியாயம் காணாமல் போயிருந்தது. யாரோ படத்துக்காக வெட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அத்தை அசரவில்லை. கையில் புத்தகத்தைப் பிடித்தபடியே அந்த அத்தியாயத்தை அவளே சொன்னாள். காயம்பட்ட வீரனுக்கு ஒரு கிழவி சுக்குக் கஷாயம் போட்டுக் கொடுத்து, அவன் அம்மாவைப் பற்றி விசாரிப்பாள். கேட்டவர்களில் ரெண்டு பேர் அழுதார்கள். வேலைக்குப் போய்ச் சம்பளம் வாங்கி அச்சுப் புத்தகம் வாங்கிப் பார்த்தேன். அதில் கிழவியும் இல்லை, கஷாயமும் இல்லை. எனக்கு இன்றுவரை அத்தையின் அத்தியாயம்தான் அசல்.

சாண்டில்யன் கதை என்றால் இன்னொரு சிக்கல். ராஜகுமாரியை வர்ணிக்கும் இடம் வந்ததும் அத்தையின் உதடு மட்டும் அசையும், சத்தம் வராது. ‘ஏட்டி, சத்தமாப் படி’ என்பார்கள். அவள் என் பக்கம் கண்ணைக் காட்டுவாள். அப்படியே நாலு பக்கம் மௌனமாகப் போகும். ‘கடல் புறா’ மூன்று பாகத்தில் நான் கேட்டது ரெண்டரைப் பாகம்தான் இருக்கும்.

கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ வந்தபோது வளவு இரண்டாகப் பிரிந்தது. பாதிப் பேர் வந்தியத்தேவன் கட்சி. அவன் எங்காவது மாட்டிக்கொண்டால் கை அப்படியே நின்றுவிடும். ‘அவனுக்கு ஒண்ணும் ஆகாதுல்லா?’ என்று கேட்டுத் தெரிந்துகொண்டுதான் அடுத்த பீடிக்கு நூல் கட்டுவார்கள். மீதிப் பேர் நந்தினி கட்சி. காரணம் எளிது. வீரபாண்டியன் தலையை வெட்டியது ஆதித்த கரிகாலன். அதற்குப் பழிவாங்க வந்தவள் அவள். ‘நம்ம நாட்டு ராசாவைல்லா வெட்டுனான்! அவ சும்மா இருப்பாளா?’ என்று ஒரு பெரியம்மை கேட்டாள். நான் திகைத்துப்போனேன். அதுவரை நான் சோழ நாட்டுக்காரனாகவே வாழ்ந்துகொண்டிருந்தேன்.

அந்தக் கேள்விதான் இந்த மடலுக்கு வித்து. சோழன் வில்லனாகத் தெரிகிற பூமியில் உட்கார்ந்துகொண்டு, சோழன் கதைக்குக் கண்ணீர் விட்டவர்கள் நாங்கள். ரவிதாஸனும், செத்த பாண்டியனின் மெய்க்காவலரான ஆபத்துதவிகளும் இருட்டில் கூடிச் சதி செய்கிற பாண்டிய நாட்டார். எங்கள் பங்கு அவ்வளவுதான். நல்லதாக ஒன்று உண்டு: ஆழ்வார்க்கடியான் ‘பொலிக பொலிக’ என்று பாடுகிற இடம். அது ஆழ்வார்திருநகரியில் பிறந்த நம்மாழ்வார் பாசுரம். 1950-இல் தொடங்கி மூன்றரை வருஷம் ஓடிய அந்தப் பெரிய கதையில் தாமிரபரணித் தண்ணீர் ஒரு உத்தரணி.

குறையாகச் சொல்லவில்லை. கல்கிக்கும் எங்களுக்கும் வேறு பந்தம் உண்டு. ரசிகமணி டி.கே.சி.யைத் தேடிக் குற்றாலத்துக்கு வந்து போனவர் அவர். எட்டயபுரத்தில் பாரதிக்கு மணிமண்டபம் வேண்டும் என்று தன் பத்திரிகையில் கேட்டார். வாசகர்கள் சில்லறை சில்லறையாக அனுப்பினார்கள். 1947-இல் ராஜாஜி திறந்து வைத்தார். இப்போதும் அந்த மண்டபத்துக்குப் போனால் எனக்கு பாரதி ஞாபகத்தோடு அந்தச் சில்லறையும் ஞாபகம் வரும். தொடர்கதைக்குக் காத்திருந்த அதே கைகள் அனுப்பிய காசு அது. ஒரு எழுத்தாளன் மேல் உள்ள பிரியம் சுண்ணாம்பும் கல்லுமாக நிற்கிற ஊர் எங்கள் பக்கம்தான் இருக்கிறது. வாசகரின் ஆர்வத்தைச் சாதாரணமாக நினைக்காதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

ஆர்வம் இன்னும் குறையவில்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் நாங்கள் பதினோரு பேர் வேன் பிடித்து, ஆடிப் பதினெட்டு அன்று வீராணம் ஏரிக்கரையில் போய் நின்றோம். கதை அங்கேதானே தொடங்குகிறது. ஒரு நண்பர் ஏரித் தண்ணீர் வெளியேறுகிற 74 கணவாயையும் எண்ணியே தீருவேன் என்று வெயிலில் நடந்து, கொஞ்ச தூரத்தில் இளநீர்க் கடையில் உட்கார்ந்துவிட்டார். பழையாறை போனோம், உடையார்குடி போய்க் கல்வெட்டைப் பார்த்தோம். ரவிதாஸன் பெயர் நிஜமாகவே கல்லில் இருக்கிறது என்று கேட்டதும் வேனில் வந்த ஒரு அக்காவுக்குப் புல்லரித்துவிட்டது. எழுதப் படிக்கத் தெரிந்த ஊர்களில் பாதியில் ஒரு அருள்மொழி இருக்கிறான், ஒரு குந்தவை இருக்கிறாள். எங்கள் தெருவில் ரெண்டு குந்தவை.

திரும்பி வரும்போது வேனில் பேச்சு வந்தது. இதேபோல் ஒரு புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு எவனாவது பாண்டியரின் பழைய துறைமுகமான கொற்கைக்கு வந்து நிற்கிறானா?

நான் தம்பி மகனைக் கூட்டிக்கொண்டு போனேன். ஏரலுக்குப் பக்கம், வாழையும் குளமுமாக ஒரு சின்ன ஊர். கிழட்டு வன்னி மரம் ஒன்று. அக்கசாலை ஈசுவரர் கோயில். அக்கசாலை என்றால் நாணயம் அடிக்கிற இடம் என்று சொன்னேன். பையன் நாலு பக்கமும் பார்த்துவிட்டு, ‘துறைமுகம்னு சொன்னியள, கடல் எங்க பெரியப்பா?’ என்று கேட்டான். ஆறு வண்டலைக் கொண்டுவந்து போட்டுப் போட்டுக் கடலைச் சில கிலோமீட்டர் தூரத்துக்குத் தள்ளிவிட்டது என்று சொன்னால் அவனுக்கு அது பாடப்புத்தகம். இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்திய கிரேக்க மாலுமி ஒருவன் எழுதிய குறிப்பில் இந்தக் கொற்கை வருகிறது. முத்துக் குளிக்கிற வேலையைத் தண்டனை பெற்ற கைதிகளைக்கொண்டு செய்கிறார்கள் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டான். கைதி, முத்து, ஆழக்கடல். இதற்கு மேல் ஒரு கதாசிரியருக்கு என்னதான் வேண்டும்? சிலப்பதிகாரத்தின் முகப்பிலேயே கொற்கையில் இருந்த வெற்றிவேற் செழியன் கண்ணகிக்குப் பொற்கொல்லர் ஆயிரம் பேரைப் பலி கொடுத்த சேதி இருக்கிறது. மதுரை எரிந்த கதையைச் சொல்லாத மேடை இல்லை. அந்த ஆயிரம் வீடுகளின் கதையை நாவலாக நான் பார்க்கவில்லை.

தெற்கே ஒன்றுமே எழுதவில்லை என்று சொன்னால் பாவம். நா. பார்த்தசாரதி ‘பாண்டிமாதேவி’யில் தென்கோடி வரை வந்தார். ஜோ டி குருஸின் ‘கொற்கை’ 2013-இல் சாகித்ய அகாதமி வாங்கியது, ஆனால் அது வேறு காலம், வேறு ருசி. நான் கேட்பது, அத்தை சத்தமாகப் படித்தால் பீடி சுற்றுகிற கை நிற்குமே, அந்த மாதிரி.

ஆதாரம் கிடைக்காது என்று சொல்லாதீர்கள். நீங்கள் எல்லோரும் மேஜையில் வைத்துக்கொண்டு எழுதுகிற சோழர் சரித்திரத்தை எழுதிய நீலகண்ட சாஸ்திரி கல்லிடைக்குறிச்சிக்காரர். அவர் சோழரை எழுதுவதற்கு முன்னாலேயே, 1929-இல், பாண்டியரைப் பற்றி ஒரு புத்தகம் போட்டுவிட்டார். கால்டுவெல் 1881-இல் திருநெல்வேலிச் சரித்திரம் எழுதினார். பாதி அத்தியாயங்கள் அப்படியே நாவல் மாதிரி ஓடும். மன்னார்கோயிலுக்கு வந்தால் ராஜேந்திர சோழன் பெயரில் ஒரு சேர ராஜா கட்டிய விண்ணகரம், அதாவது பெருமாள் கோயில், நிற்கிறது. சோழன் பெயர், சேரன் பணம், பாண்டிய மண். ஏன் கட்டினான், யாருக்குப் பயந்து கட்டினான் என்று யோசித்தாலே முதல் பாகம் வந்துவிடும்.

சரி, என் மனசில் பல வருஷமாகக் கிடக்கிற ஒரு கதையைச் சொல்கிறேன். காசு வேண்டாம், எடுத்துக்கொள்ளுங்கள்.

பழையகாயல். இப்போது உப்பளக் காற்று அடிக்கிற ஊர். 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ இதைப் பெரிய பட்டினம் என்று எழுதியிருக்கிறார். ஹோர்முஸ், ஏடன் பக்கமிருந்து வருகிற கப்பல்கள் குதிரைகளோடு இங்கே வந்துதான் ஒதுங்கும். பாண்டிய மன்னர்கள் வருஷத்துக்கு ஆயிரக்கணக்கில் குதிரை வாங்கினார்கள். வருஷக் கடைசியில் பார்த்தால் நூறு மிஞ்சாதாம். வேகவைத்த சோற்றையும் இறைச்சியையும் குதிரைக்குப் போட்டால் அது என்ன செய்யும்? இதைவிட முக்கியம், லாடம் கட்டவோ குதிரையைப் பார்த்துக்கொள்ளவோ தெரிந்த ஆள் இங்கே கிடையாது. அப்படிப்பட்ட ஆட்களைக் கப்பலில் ஏறவே வியாபாரிகள் விடமாட்டார்கள் என்கிறார் மார்க்கோ போலோ. குதிரை செத்தால்தானே அடுத்த வருஷமும் குதிரை விற்கும்.

இப்போது யோசியுங்கள். அந்தக் கப்பல் ஒன்றில், குதிரைகளுக்கு நடுவே வைக்கோலுக்குள், ஒரு லாடக்காரன் ஒளிந்து வருகிறான். கப்பல்காரனுக்குத் தெரிந்தால் கடலில் தள்ளிவிடுவான். கரையில் தெரிந்தால் வியாபாரிகளின் ஆள் கத்தியோடு வருவான். அரண்மனையில் தெரிந்தால் தூக்கி வைத்துக் கொண்டாடுவார்கள், ஆனால் அரண்மனைக்குள்ளேயே அந்த வியாபாரிகளிடம் கை நீட்டுகிறவன் இருப்பான். குலசேகர பாண்டியனுக்கு ரெண்டு மகன்கள், சுந்தர பாண்டியனும் வீர பாண்டியனும், ஒருத்தனுக்கு ஒருத்தன் ஆகாது. அந்தச் சண்டைக்கு நடுவில்தான் 1311-இல் மாலிக் காபூர் படையோடு வந்து இறங்குகிறான். யார் பக்கம் குதிரை உயிரோடு இருக்கிறதோ அவன் பக்கம் ராஜ்யம் என்கிற நிலைமையில், சுத்தியலும் ஆணியும் மட்டுமே தெரிந்த ஒரு ஆளின் கையில் ராஜ்யமே மாட்டிக்கொள்கிறது. ராஜகுமாரன் வேண்டாம். நிலவொளியில் அரண்மனை நந்தவனம்கூட ஒன்று போதும், பாக்கியைக் குதிரை லாயத்தில் வையுங்கள். காயலில் உடைந்த சீனப் பீங்கான் துண்டுகளைக் கால்டுவெல் பொறுக்கிப் பார்த்திருக்கிறார். அந்தப் பீங்கான் கிண்ணத்தில் யார் கஞ்சி குடித்தார்கள் என்பதை நீங்கள் சொல்லுங்கள்.

இன்னொன்று கற்பனையே தேவைப்படாத கதை. கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்ட 1799-ஐ எல்லோரும் சொல்வார்கள், அதோடு நிறுத்திவிடுவார்கள். அவர் தம்பி ஊமைத்துரை எங்கள் பாளையங்கோட்டைச் சிறையில் கிடந்தார். 1801 பிப்ரவரி 2, சாயங்காலம். வெள்ளைக்கார அதிகாரிகள் ஒரு பங்களாவில் விருந்துச் சாப்பாட்டில் இருக்கிறார்கள். சிறையில் இருந்தவர்கள் காவலரை மடக்கிவிட்டு வெளியேறி, ராத்திரியோடு ராத்திரியாகப் பாஞ்சாலங்குறிச்சி போய்ச் சேருகிறார்கள். இடித்துத் தரைமட்டமாக்கிய கோட்டை. கும்பினிப் படை போய்ப் பார்த்தால் மண்கோட்டை மறுபடியும் எழும்பி நிற்கிறது! மார்ச் கடைசியில் தாக்கிய படையால் உள்ளே நுழைய முடியவில்லை. மே 24-இல்தான் விழுந்தது.

என்னைத் தூங்கவிடாமல் செய்வது அதற்கப்புறம் நடந்தது. அந்தச் சண்டையில் இருந்த வெல்ஷ் என்கிற கும்பினி அதிகாரியே எழுதி வைத்திருக்கிறார். பக்கத்து ஊர்ப் பெண் ஒருத்தி பிணங்களுக்கு நடுவே தன் மகனைத் தேடி வருகிறாள். மகனுக்கு உயிர் இருக்கிறது. அவன், ‘என்னை விடு, பக்கத்தில் சாமி கிடக்கிறார், அவரைக் காப்பாற்று’ என்கிறான். ஊமைத்துரையைத்தான் சாமி என்கிறான். பெண்கள் அவரைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். கும்பினி பக்கம் நின்ற எட்டயபுரத்து ஆட்கள் தேடி வரும் சத்தம் கேட்டதும், அவர் மேல் வெள்ளைத் துணியைப் போர்த்திவிட்டு, அம்மை போட்டுச் செத்துப்போனான் என்று ஒப்பாரி வைக்கிறார்கள். அம்மை என்றதும் தேடி வந்தவர்கள் ஓடிவிட்டார்கள். சொந்த மகன் அங்கே கிடக்க, இன்னொருத்தி பிள்ளைக்குப் பொய் ஒப்பாரி வைத்த அந்த அம்மாளின் பெயரை எந்தப் புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை. கல்வெட்டிலும் பார்த்ததில்லை. அந்த ஒப்பாரி பொய்தானா என்பதே எனக்குச் சந்தேகம். அத்தை சொன்ன கஷாயக் கிழவிக்கு இவள் ஏதாவது சொந்தமாக இருப்பாளோ என்றும் சில நேரம் தோன்றும்.

தென்காசியைப் பற்றி ஒரு வார்த்தை மட்டும். மதுரையை விட்டு இந்தப் பக்கம் ஒதுங்கிய காலத்துப் பாண்டியன் பராக்கிரமன், தன் மூலையில் ஒரு காசியையே கட்டினான். இந்தக் கோயிலுக்கு ஏதாவது குறை வந்தால் அதைச் சரிசெய்கிறவர் யாராயிருந்தாலும் அவரைப் பணிகிறேன் என்று கல்லில் வெட்டி வைத்தான். ஜெயித்த ராஜாக்கள் தங்கள் புகழைச் சொல்கிற மெய்க்கீர்த்தி வெட்டுவார்கள். பின்னால் வருகிறவனிடம் கும்பிடு போட்டு வெட்டியவனை எழுத ஒரு கை வேண்டும்.

இனி, நீங்கள் வாய்விட்டுச் சொல்லாத காரணத்துக்கு வருகிறேன். எனக்குத் தெரிந்த ஒருத்தர் எங்கள் பக்கத்துப் பாளையக்காரர் ஒருவரை வைத்து நாவல் தொடங்கினார். எட்டு அத்தியாயம் எழுதினார். இவர் எங்கள் ஆள், நீங்கள் எப்படி இப்படி எழுதலாம் என்று ஒரு பக்கமிருந்து போன். இவர் எங்கள் ஆள் இல்லை என்று எப்படிச் சொல்லலாம் என்று இன்னொரு பக்கமிருந்து போன். பேசாமல் நோட்டை மூடிவிட்டுச் சோழ நாட்டுக்குப் போய்விட்டார். அங்கேயும் இந்தத் தொல்லை இல்லாமல் இல்லை, ஆனால் தஞ்சாவூர்ப் பெரிய கோயில் எல்லோருக்கும் நிழல் கொடுக்கிற அளவுக்குப் பெரிது. எங்கள் ஊரில் ராஜாக்களைச் சுவரொட்டியில் ஏற்றி, ஒவ்வொருத்தருக்கும் ஒரு தெருவைப் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். சின்ன வயசில் வந்தியத்தேவன் என்ன ஆட்கள் என்று வளவில் ஒருத்தியும் கேட்டதில்லை. அவன் நம்ம வீட்டுத் திண்ணையில் வந்து படுத்தால் சோறு போடலாம் என்பதோடு சரி. இதில் உங்கள் தப்பு பாதிதான், எங்கள் தப்பு பாதி. எங்கள் பாதிக்கு நான் இப்படி ஒரு வழி சொல்கிறேன்: ராஜாவை விடுங்கள். லாடக்காரனை எழுதுங்கள், முத்துக் குளிக்கிற கைதியை எழுதுங்கள், அந்தப் பெயரில்லாத அம்மாளை எழுதுங்கள். அவர்களுக்கு இன்னும் யாரும் சுவரொட்டி அடிக்கவில்லை. அப்படியும் போன் வந்தால் என்னிடம் சொல்லுங்கள். எங்கள் வேன் பதினோரு பேரும் உங்கள் பக்கம் பேச வருவோம்.

ரெண்டு வேண்டுகோள், சின்னதுதான். திருநெல்வேலிக்காரனைப் பேச வைக்க வாக்கியத்துக்கு ஒரு ‘ஏலே’ போட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். நாங்கள் எல்லோரையும் ஏலே என்பதில்லை, அதற்கு உரிமை வேண்டும். அப்புறம் அல்வா. பாண்டியன் படைவீரன் எவனாவது அல்வா தின்றால் அந்தப் பக்கத்திலேயே புத்தகத்தை மூடிவிடுவேன். பனங்கருப்பட்டி கொடுங்கள், கருவாடு கொடுங்கள், தேரிக்காட்டுச் செம்மண் பறக்கட்டும்.

நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறினால் காலையில் ஜங்ஷன். நான் வந்து கூட்டிக்கொள்கிறேன். ஆதிச்சநல்லூர்த் தாழிகளைப் பார்த்துவிட்டு, ஸ்ரீவைகுண்டம் வழியாக ஏரல், கொற்கை, பழையகாயல் என்று ஆற்றோடேயே போய்விடலாம். ஒரு நாள் போதும், மனசு இருந்தால் ரெண்டு நாள். மத்தியானச் சாப்பாடு எங்கள் வீட்டில்.

அத்தை இப்போது எங்களோடுதான் இருக்கிறாள். கண்ணில் புரை எடுத்தும் சின்ன எழுத்து தெரிவதில்லை, அதனால் நான் படிக்கிறேன், அவள் கேட்கிறாள். போன வாரம் படிக்க ஒன்றும் இல்லாமல் லாடக்காரன் கதையைச் சொன்னேன், வைக்கோலுக்குள் ஒளிந்திருக்கிறவனைக் கப்பல்காரன் ஈட்டியால் குத்திப் பார்க்கிற இடம் வரை. அதற்கு மேல் எனக்குத் தெரியாதே. அவள் வெற்றிலையை மடிப்பதை நிறுத்திவிட்டு, ‘அவனுக்கு ஒண்ணும் ஆகாதுல்லா?’ என்று கேட்டாள். உங்களிடம் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
பாளையங்கோட்டை வாசகன்